திருகோணமலையில் ஒரு நகர மனித உரிமைக் குழு: தொடங்குவது முதல் முறைப்பாட்டைக் கொண்டு சேர்ப்பது வரை

இலங்கையில் அடிப்படை உரிமை மீறப்பட்ட ஒருவருக்குச் சட்டம் தரும் அவகாசம் ஒரு மாதம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அந்த மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத்தாக்கல் செய்ய வேண்டும். உயர் நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது. பாலையூற்றிலோ சீனக்குடாவிலோ பாதிக்கப்பட்டவர் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போவார். பிறகு தெரிந்த அரசியல்வாதியிடமும் கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் போவார். யாரோ ஒருவர் "ஒரு லோயரைப் பாருங்கோ" என்று சொல்லும்போது ஐந்தாவது வாரம் ஓடிக்கொண்டிருக்கும். நகர மட்டத்தில் ஒரு குழு தேவைப்படுவதற்கு முதற்காரணம் இதுதான். இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் உறுப்பினர் தெரிவு, அலுவலக நேரம், பதிவேடு, படிவம் எல்லாமே அந்த ஒரு மாதத்தை வைத்தே தீர்மானிக்கப்பட்டவை.

பெயரும் சட்டத்தில் உங்கள் இடமும்

"ஆணைக்குழு" என்று பெயர் வைக்காதீர்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதற்கு ஐந்து உறுப்பினர்கள். அரசியலமைப்புப் பேரவையின் பரிந்துரையில் சனாதிபதி அவர்களை மூன்று ஆண்டுகளுக்கு நியமிக்கிறார். மாகாண மட்டத்தில் உபகுழுக்களை நியமிக்கும் அதிகாரம் அந்த ஆணைக்குழுவுக்கு உண்டு. நகரத்தவர் தாமாகக் கூடி அப்படியொன்றை உருவாக்கச் சட்டத்தில் வழியில்லை. வேறு சில நாடுகளில் நகர சபைகளே சட்டமியற்றித் தமக்கென மனித உரிமை ஆணைக்குழு வைத்திருக்கின்றன. அர்ஜென்டினாவின் ரொசாரியோ 1997இலேயே தன்னை மனித உரிமை நகரமாக அறிவித்தது. எங்கள் உள்ளூராட்சிச் சட்டங்கள் எந்தச் சபைக்கும் அத்தகைய விசாரணை அதிகாரத்தைத் தரவில்லை.

பெயர்க் குழப்பம் சிறிய பிரச்சினையாகத் தோன்றலாம். ஆனால் "ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன்" என்று ஒரு தாய் நம்பிக்கொண்டிருக்க, அவர் கொடுத்தது உங்கள் குழுவிடம் மட்டும் என்றால், அவருடைய மாதம் உங்கள் பெயர்ப்பலகையால் தொலைந்துபோகும். "திருகோணமலை நகர மனித உரிமைக் குழு" போதும். கடிதத் தலைப்பில் "இது ஒரு குடிமக்கள் அமைப்பு; அரச நிறுவனம் அன்று" என்ற வரியை மூன்று மொழியிலும் அச்சிடுங்கள். அடையாள அட்டையில் அரச இலச்சினையோ அதைப் போன்ற வடிவமோ இருக்கக் கூடாது.

குழுவால் எவரையும் அழைப்பாணை அனுப்பி வரவழைக்க முடியாது, தடுப்புக்காவல் இடங்களுக்குள் நுழைய முடியாது, தீர்ப்புச் சொல்லவும் முடியாது. நடந்ததைச் சரியாக எழுதலாம். எழுதியதை உரிய இடத்துக்கு உரிய நாளில் சேர்க்கலாம். பாதிக்கப்பட்டவருடன் கூடப் போகலாம், தகவல் கேட்கலாம், பதில் வரும்வரை விடாமல் எழுதலாம். இதைச் செம்மையாகச் செய்யும் குழு இந்த நகரத்துக்குப் பெரிய பலம்.

முதல் ஆறு வாரம்: கேட்பது மட்டும்

கூட்டம் வைத்துத் தலைவரைத் தெரிவுசெய்துவிட்டு வேலை தேடும் அமைப்புகள் பெரும்பாலும் முதலாண்டைத் தாண்டுவதில்லை. முதலில் ஐந்தாறு பேர் சேர்ந்து கேட்கப் போங்கள். மீன்பிடிச் சங்கங்கள், உள்துறைமுகத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகள், ஜமாலியா, அலஸ்தோட்டம், உப்புவெளி, அபயபுர, பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பகுதி, நீதிமன்ற வளாகத்தின் வாசல், பேருந்து நிலையம். ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்விகள் போதும்: கடைசியாக எந்த அலுவலகத்தில் உங்கள் காரியம் தடைப்பட்டது? என்ன காரணம் சொன்னார்கள்? அதை எழுத்தில் தந்தார்களா? எந்த மொழியில்?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் "இல்லை" என்றே விடை வரும். வாய்மொழி மறுப்புக்குத் திகதியும் சாட்சியும் இல்லாததால்தான் முறைப்பாடுகள் நிற்காமல் விழுகின்றன. பெயர்களை இந்தக் கட்டத்தில் எழுதாதீர்கள். இடம், அலுவலகம், காரணம், மொழி ஆகியவை மட்டும் போதும். ஆறாவது வார முடிவில் எந்த வகைப் பிரச்சினைக்கு ஆள் தேவை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

யார் இருக்க வேண்டும்

பதினொரு பேர் நல்ல எண்ணிக்கை. ஏழுக்குக் குறைந்தால் இரண்டு பேர் ஊரில் இல்லாத மாதத்தில் வேலை நிற்கும். பதினைந்தைத் தாண்டினால் கூட்டம் மேடைப் பேச்சாகிவிடும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் இருக்க வேண்டும். எந்த ஒரு சமூகத்துக்கும் தனியாக ஆறு இடம் போகக் கூடாது. பதினொன்றில் ஆறு என்பது பெரும்பான்மை. பெண்கள் குறைந்தது ஐந்து பேர். மாற்றுத்திறனாளி ஒருவர், கடற்றொழிலாளர் குடும்பத்திலிருந்து ஒருவர், முப்பது வயதுக்குட்பட்ட இருவர், தொழில் செய்யும் சட்டத்தரணி ஒருவர், அரச நிர்வாகத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். அலுவலகக் கோப்பு எந்த மேசையில் உறங்கும் என்பது அந்தக் கடைசி ஆளுக்குத்தான் தெரியும்.

சிங்களத்தைப் பேச மட்டுமன்றி எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவர்கள் இருவராவது கட்டாயம். பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, விளங்காமலே கையொப்பம் வைத்த தமிழ் பேசுபவர்கள் இந்த மாவட்டம் முழுவதும் இருக்கிறார்கள். அந்தத் தாளை வாசித்துச் சொல்ல ஆளில்லாத குழுவால் அவர்களுக்குப் பயனில்லை.

பதவியில் உள்ள அரசியல்வாதிகள், தேர்தல் வேட்பாளர்கள், சேவையில் உள்ள பொலிஸாரும் படையினரும், உள்ளூராட்சி சபைகளின் ஒப்பந்தகாரர்கள் ஆகியோரை உறுப்பினராக்க வேண்டாம். மதத் தலைவர்களை ஆலோசகர்களாக அழைக்கலாம், வாக்குரிமை வேண்டாம்.

குழு எங்கே உடையும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2018இல் இந்த நகரின் இந்துப் பெண்கள் பாடசாலையொன்றில் அபாயா அணிந்து கற்பிக்க வந்த முஸ்லிம் ஆசிரியைகள் பற்றிய சர்ச்சை எழுந்தபோது நகரமே இரண்டாகப் பிரிந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் உரிமை மீறப்பட்டதாகக் கண்டு பரிந்துரை வழங்கியது. அதன் பின்னும் 2022இல் அதே பிரச்சினை மீண்டும் வெடித்தது. உங்கள் குழு அப்போது இருந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று முதல் கூட்டத்திலேயே உறுப்பினர்களிடம் கேளுங்கள். தன் சமூகத்துக்கு எதிராக முறைப்பாடு வரும்போதும் அதைப் பதிவேட்டில் எழுதச் சம்மதிப்பவரே உறுப்பினராகத் தகுதியானவர். இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாதவர் மிக நல்லவராக இருந்தாலும் வேறு பணிக்குப் போகட்டும்.

யாப்பு

நான்கு பக்கம் போதும். ஆனால் சில வாசகங்கள் தவறாமல் இருக்க வேண்டும். பதவிக்காலம் இரண்டு ஆண்டு, தொடர்ச்சியாக இரு தடவைக்கு மேல் இல்லை. கூட்ட நடப்பெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்த எண்ணிக்கை, ஆறு. அந்த ஆறில் குறைந்தது இரு சமூகத்தவர் இருக்க வேண்டும். உறவினர், தொழில்வழித் தொடர்பு, அயலவர் தகராறு உள்ள முறைப்பாட்டில் அந்த உறுப்பினர் அறையைவிட்டு வெளியேற வேண்டும். கூட்ட அறிக்கையில் அதை எழுத வேண்டும். தேர்தலில் வேட்புமனுக் கொடுக்கும் நாளிலேயே உறுப்புரிமை முடியும். முறைப்பாட்டாளரிடமிருந்து பணமோ பொருளோ வாங்குபவர் உடனே நீக்கப்படுவார். ஊடகங்களுடன் பேசும் அதிகாரம் இருவருக்கு மட்டும். தனிப்பட்ட முறைப்பாடு பற்றிப் பேச முறைப்பாட்டாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

எந்த முறைப்பாட்டை ஏற்பது என்பதைப் பெரும்பான்மை வாக்கால் தீர்மானிக்கும் விதி வேண்டாம். வருவது எல்லாம் பதிவாகும் என்றே யாப்பு சொல்ல வேண்டும். எங்கே அனுப்புவது என்பதில் மட்டும் குழு முடிவெடுக்கட்டும். வாக்கெடுப்புக்கு இடம்கொடுத்தால் சிறுபான்மையாக இருப்பவரின் முறைப்பாடுதான் முதலில் தோற்கும்.

பதிவும் அறிமுகக் கடிதங்களும்

ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள் இயங்கும் அமைப்பை, இந்த நகரத்துக்குரிய "பட்டினமும் சூழலும்" என்ற பிரதேச செயலகத்தில் பதிவுசெய்யலாம். யாப்பு, உறுப்பினர் விபரம், முதல் பொதுக்கூட்ட அறிக்கை, நோக்கங்கள் ஆகியவற்றுடன் போங்கள். மாவட்டம் முழுவதும் இயங்கவோ வெளிநாட்டு நிதி பெறவோ எண்ணினால், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் மேல்மட்டப் பதிவைப் பார்க்க வேண்டிவரும். முதலிரண்டு ஆண்டும் நகரத்துக்குள் நில்லுங்கள். கிண்ணியாவும் மூதூரும் வெருகலும் அழைக்கத்தான் செய்யும். பரப்பை விரித்துவிட்டுப் பின்தொடர முடியாமல் போவதைவிட, அங்குள்ளவர்கள் தங்கள் ஊரில் தொடங்க இந்த யாப்பைக் கொடுத்து உதவுவது நல்லது.

பதிவு முடிந்த வாரத்தில் ஒரே உள்ளடக்கத்துடன் அறிமுகக் கடிதங்கள் போகட்டும்: மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகம், மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர், மாநகர சபை, பட்டினமும் சூழலும் பிரதேச சபை, பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிகள், பொது வைத்தியசாலைப் பணிப்பாளர், சட்ட உதவி ஆணைக்குழு, சட்டத்தரணிகள் சங்கம். கிழக்கு மாகாணத்தின் தலைநகர் இதுவாக இருப்பதால் மாகாண அமைச்சுகளும் ஆளுநர் செயலகமும் நடந்து போகும் தூரத்திலேயே இருக்கின்றன. அவற்றையும் விட வேண்டாம். எல்லாம் பதிவுத் தபாலில். பற்றுச்சீட்டுகளை ஒரு தாளில் ஒட்டி வையுங்கள்.

பிராந்திய அலுவலகத்துக்கு மட்டும் நேரில் போங்கள். அவர்களுடைய முறைப்பாட்டுப் படிவத்தின் பிரதிகள், எந்த நாளில் எந்த உத்தியோகத்தர் இருப்பார், இரவில் கைது நடந்தால் யாருக்குச் சொல்வது ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆணைக்குழுவின் இருபத்துநான்கு மணிநேர அழைப்பு இலக்கம் 1996. முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம்.

மாநகர சபையிடம் அங்கீகாரத் தீர்மானம் கேட்பதா என்ற விவாதம் எல்லா இடத்திலும் வரும். கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டியது இவை: வாரத்தில் ஒரு நாள் பொதுநூலகத்திலோ சபை மண்டபத்திலோ ஓர் அறை, சபைக்கு எழுதும் கடிதத்துக்குப் பதினான்கு நாளில் எழுத்துப் பதில், அறிவித்தல் பலகையில் இடம். உறுப்பினர் நியமனத்தில் சபைக்குப் பங்கு தரும் வாசகம் தீர்மானத்தில் இருந்தால் அதை ஏற்காதீர்கள். சபையே எதிர்த்தரப்பாகும் முறைப்பாடு நிச்சயம் வரும்.

அறை, நேரம், பதிவேடு

வாரத்தில் இரண்டு அமர்வு வேண்டும். ஒன்று வேலைநாளில், மாலை நான்கு முதல் ஆறரை வரை. மற்றது சனிக்கிழமை காலை. வெள்ளி நண்பகலும் போயா நாளும் வேண்டாம். அறைக்கு இரண்டு கதிரை வரிசையும் ஒரு மறைப்பும் தேவை. காத்திருப்பவர் காதில் உள்ளே பேசுவது விழுந்தால், பாலியல் வன்முறை பற்றியோ தடுப்புக்காவல் பற்றியோ எவரும் வாய் திறக்க மாட்டார். படிக்கட்டு இல்லாத அறையைத் தேடுங்கள்.

தடித்த மட்டைச் சிஆர் கொப்பி ஒன்றைப் பதிவேடாக வைத்து, முதல் நாளே எல்லாப் பக்கத்துக்கும் இலக்கமிடுங்கள். ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் வரிசை எண், வந்த திகதி, சம்பவத் திகதி, அதிலிருந்து எண்ணிய முப்பதாவது நாள், அனுப்பிய இடம், அடுத்த நடவடிக்கைத் திகதி. பெயர் இந்தக் கொப்பியில் வராது, எண் மட்டுமே. பெயரும் முகவரியும் தனிக் கோப்பில், பூட்டிய அலுமாரியில் இருக்க வேண்டும். திறப்பு செயலாளரிடம் ஒன்று, வேறு சமூகத்தைச் சேர்ந்த இன்னோர் உறுப்பினரிடம் ஒன்று. முப்பதாவது நாளைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அமர்வு தொடங்கும்போதெல்லாம் முதல் வேலை அந்தச் சிவப்புத் திகதிகளைப் பார்ப்பதுதான்.

வாட்ஸ்அப் குழுவில் முறைப்பாட்டுத் தாளின் படத்தைப் போடும் பழக்கத்தை முதல் நாளிலேயே தடை செய்யுங்கள். ஒருமுறை போனது திரும்பாது.

முறைப்பாட்டை எழுதுவது

எப்போதும் இருவர் இருந்து கேளுங்கள். ஒருவர் பேச, மற்றவர் எழுத. பெண் முறைப்பாட்டாளர் என்றால் அவர்களில் ஒருவராவது பெண். முதலில் சொல்ல வேண்டியது: நாங்கள் அரச நிறுவனம் இல்லை, தீர்ப்புத் தர முடியாது, நீங்கள் விரும்பாமல் எதையும் வெளியே அனுப்ப மாட்டோம்.

பிறகு அவர் தன் வழியில் முழுவதையும் சொல்லட்டும். குறுக்கிடாமல் கேட்டு முடித்த பின்பே காலவரிசைப்படி எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் நாள், நேரம், இடம், செய்தவரின் பதவி, உடனிருந்தவர், சொன்ன வார்த்தை. "பொலிஸ் அடித்தது" என்ற வாக்கியத்தை வைத்து எந்த நிறுவனமும் விசாரிக்க முடியாது. எந்த நிலையம், சீருடையா சிவில் உடையா, எத்தனை பேர், எதனால், உடலில் எங்கே என்று இருக்க வேண்டும். நாள் நினைவில்லை என்றால் வெள்ளிக்கிழமையா, திருவிழாவுக்கு முன்னா, சம்பளத்துக்குப் பின்னா என்று கேட்டுக் கணக்கிடுங்கள். கணக்கிட்ட திகதி என்று குறிப்பிடவும் வேண்டும். கேட்டவர் தன் அனுமானத்தைச் சேர்ப்பதும், "சித்திரவதை", "இனப்பாகுபாடு" போன்ற சொற்களை முறைப்பாட்டாளர் சொல்லாமலே எழுதுவதும் பின்னர் அவருடைய நம்பகத்தையே பாதிக்கும். எழுதி முடித்ததை வாசித்துக்காட்டித் திருத்தி, அவர் கையொப்பம் பெற்று, ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள்.

எது எங்கே போகும்

வருபவற்றில் பெரும்பகுதி மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகக்கூடியதாக இராது. ஆணைக்குழு பார்ப்பது அரச அதிகாரத்தால் நடந்த மீறலை: பொலிஸ், திணைக்களங்கள், பாடசாலைகள், உள்ளூராட்சி சபைகள், படையினர் போன்றோர் அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தில் உள்ள அடிப்படை உரிமைகளை மீறினார்களா என்பதை. அண்ணன் தம்பி காணிச் சண்டை, கடைக்காரர் சம்பளம் தராதது, வாங்கிய கடன் ஆகியவை அங்கே போனால் மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பி வரும். சம்பளமென்றால் தொழில் அலுவலகம், சிறு தகராறென்றால் மத்தியஸ்த சபை, வீட்டு வன்முறையென்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை, சிறுவர் பற்றியதென்றால் 1929 என்ற இலக்கம், பெண்களுக்கு 1938. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு. அனுப்பும்போது வாயால் சொல்லி விடாமல், போக வேண்டிய அலுவலகம், கொண்டுபோக வேண்டிய பத்திரங்கள், கேட்க வேண்டியது ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்.

அரச அதிகாரம் சம்பந்தப்பட்டதென்றால் ஆணைக்குழு, உயர் நீதிமன்றம் என்ற இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கப்பட வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதத்தில் கணக்கிடப்படாது என்கிறது. இந்தப் பிரிவை நம்பிப் பலர் சாவகாசமாக இருந்துவிடுகிறார்கள். முறைப்பாடு கொடுத்தது மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சில தீர்ப்புகளில் வலியுறுத்தியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தை அன்றே பெறுங்கள். விசாரணை தொடங்கியதைக் காட்டும் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். அது வராவிட்டால் மாதம் முடிவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னராவது சட்டத்தரணியிடம் கோப்பு போயிருக்க வேண்டும். கொழும்பில் மனுத் தயாரிக்கவும் சத்தியக் கடதாசி முடிக்கவும் அந்தப் பத்து நாளும் தேவைப்படும்.

கைது நடந்த இரவு

இதில் வேகம் வேண்டும். குடும்பத்தவர் அழைத்ததும் கேட்க வேண்டியவை: யார் கூட்டிப் போனார்கள், வாகன இலக்கம், எந்த நிலையம் என்று சொன்னார்களா, காரணம் சொன்னார்களா. காரணத்தைச் சொல்வது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையின்படி கட்டாயம். சாதாரணக் கைதில், பயண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டிய கடமை பிடித்தவர்களுக்கு உண்டு. அறிவித்தார்களா என்று ஆணைக்குழுவிடம் நீங்கள் கேட்பது, அந்தக் கைதைப் பதிவுக்குள் கொண்டுவருவதற்கான மிக விரைவான வழி.

எங்கும் இல்லை என்று எல்லா நிலையமும் சொன்னால் ஆட்கொணர்வு மனு, அதாவது பிடிக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தும்படி கேட்கும் மனு. அதற்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. மாகாணத்துக்குள் நடந்த சட்டவிரோதத் தடுத்துவைப்புக்குத் திருகோணமலையிலேயே மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். பழைய காணாமலாக்கப்பட்ட சம்பவங்களோடு வரும் குடும்பங்களுக்கு ஒரு மாதக் கதையைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்துக்கான கோப்பைச் சீர்செய்து கொடுப்பதும் உங்கள் வேலையே.

அடிபட்டு வெளியே வந்தவரை நேராக வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். வெளிநோயாளராக மருந்து வாங்கித் திரும்புவதைவிட அனுமதியாகி, காயம் எப்படி வந்தது என்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது அனுமதிக் குறிப்பில் எழுதப்படும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேளுங்கள். கண்டல் காயம் நாளுக்கு நாள் நிறம் மாறி மறையும் என்பதால் அன்றே, அடுத்த நாள், மூன்றாம் நாள் என்று புகைப்படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, நெருக்கத்தில் ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. பயந்து விழுந்துவிட்டேன் என்று வைத்தியரிடம் சொல்பவர்கள் அதிகம். பின்னர் எந்த மன்றத்திலும் அந்த ஒற்றை வரிதான் முறைப்பாட்டுக்கு எதிராக எடுத்துக் காட்டப்படும். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தில் சித்திரவதைக்குக் குறைந்த தண்டனையே ஏழு ஆண்டு. அந்தச் சட்டம் பயன்படுவது இந்த மருத்துவத் தாள்களை நம்பித்தான்.

காணி

இந்த மாவட்டத்தில் வேறெதையும்விடக் காணிப் பிரச்சினை வரும். துறைமுக அதிகாரசபை, வனத்திணைக்களம், தொல்பொருள் திணைக்களம், கடற்படை என்று எதிர்த்தரப்புகள் பல. சம்பூர் மக்களுக்கு, முதலீட்டு வலயத்துக்கென எடுத்த 818 ஏக்கரை விடுவிக்கும் முடிவு வர 2015ஆம் ஆண்டு ஆனது; அதுவரை அவர்கள் கையில் பலமாக இருந்தவை பழைய உறுதிகள், அனுமதிப்பத்திரங்கள், வாக்காளர் இடாப்புப் பிரதிகள், பாடசாலைப் பதிவுகள். ஒவ்வொரு காணிக் கோப்பிலும் இவற்றின் பிரதி முதலில் சேரட்டும்.

ஒருவர் கையில் வெளியேறல் அறிவித்தலோடு வந்தால் அன்றே சட்டத்தரணி. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்தில், நீதவான் முன் போன பிறகு செல்லுபடியான அனுமதிப்பத்திரம் உண்டா என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் வாதிட இடமில்லை. எத்தனை தலைமுறை குடியிருந்தோம் என்பது அங்கே எடுபடாது. அறிவித்தலைச் சவாலுக்குட்படுத்துவதென்றால் அது அந்த வழக்குக்கு முன், மேல் மன்றங்களில்தான்.

தகவல் கேட்பது

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் நாளாந்தக் கருவி. வாய்மொழி மறுப்பை எழுத்தாக்க இதைவிட நல்ல வழியில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. குழுவின் பெயரிலேயே கேட்கலாம். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் குடிமக்களாக இருந்தால் போதும். தகவல் அலுவலர் பதினான்கு வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிரோ தனிப்பட்ட சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் நாற்பத்தெட்டு மணித்தியாலம். மறுத்தால் பதினான்கு நாளில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் முடியாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

"ஏன் எங்கள் வீதி போடவில்லை" என்று கேட்டால் பயனில்லை. ஏற்கெனவே இருக்கும் தாளைக் கேளுங்கள்: இன்ன வீதிக்கு இன்ன ஆண்டில் ஒதுக்கிய தொகை, செலுத்திய பட்டியல், பயனாளிகளைத் தெரிவுசெய்த கூட்டத்தின் அறிக்கை. ஒரு விண்ணப்பத்தில் மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம்.

மொழி உரிமைக்கும் இதே கருவியைப் பயன்படுத்துங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. அரச அலுவலகங்களின் படிவங்கள், அறிவித்தல்கள், பதில் கடிதங்கள் எந்த மொழியில் தரப்படுகின்றன என்பதை ஆண்டுக்கு ஒருமுறை நகரம் முழுவதும் பார்த்து எழுதுங்கள். தமிழ் அலுவலகத்தில் சிங்கள மொழியினர் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். இதில் மூன்று சமூகத்து உறுப்பினரும் சேர்ந்து நடப்பதால், பெரிய சர்ச்சை வரும் நாளுக்கு முன்பே ஒருவரையொருவர் நம்பப் பழகிவிடுவார்கள்.

பாதுகாப்பு

2006 ஜனவரி 2ஆம் திகதி காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் போதிய சாட்சியமில்லை என்று விடுவித்தது. சாட்சிகள் அச்சத்தில் விலகியும் நாட்டைவிட்டுப் போயும் இருந்தார்கள். இந்த நகரத்தில் உரிமை வேலை செய்ய வருபவர் சாட்சியின் பாதுகாப்பை முறைப்பாட்டுக்கும் மேலாக வைக்க வேண்டும்.

சாட்சியின் பெயர் முதல் கடிதத்தில் வரத் தேவையில்லை. விசாரணையில் கேட்கும்போது கொடுக்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரே ஆள் திரும்பத் திரும்பப் போகக் கூடாது. அச்சுறுத்தல் வந்தால் நாள், நேரம், வார்த்தை, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை உடனே எழுதி, 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். முறைப்பாட்டாளர் விலக விரும்பினால் விலகட்டும், வற்புறுத்தக் கூடாது. கோப்பை மூடி, அவர் விலகிய திகதியை மட்டும் எழுதுங்கள்.

பணமும் கைமாற்றமும்

செலவு பெரிதில்லை: போட்டோக் கொப்பி, பதிவுத் தபால், ஓட்டோ, கொழும்புக்குப் பேருந்து, அலுமாரி, தொலைபேசி. உறுப்பினர் சந்தாவும் நகரத்தவரின் சிறு நன்கொடையும் போதும். பெயர் சொல்ல விரும்பாதவரின் பெரிய நன்கொடையை வாங்க வேண்டாம். இருவர் கையொப்பத்துடன் வங்கிக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை அறிவித்தல் பலகையில் ஒட்டுதல், ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் கணக்காய்வு. மனுச் செலவுக்கென முறைப்பாட்டாளரிடம் பணம் வாங்கும் வேலையைக் குழு தொடவே கூடாது. சட்டத்தரணிக்குரியதை அவர் நேரடியாகவே கொடுக்கட்டும்.

செயலாளர் மாறும் நாளில்தான் கோப்புகள் தொலைகின்றன. புதியவர் பொறுப்பேற்கும்போது பழையவர், புதியவர், இன்னோர் உறுப்பினர் மூவரும் உட்கார்ந்து பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, திறந்திருக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் கோப்பு அலுமாரியில் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்புத் திகதி அடுத்த இரண்டு வாரத்துக்குள் வரும் முறைப்பாடுகளைத் தனித்தாளில் எழுதி மூவரும் கையொப்பமிட வேண்டும். அந்த முறைப்பாட்டாளர்களைப் பழைய செயலாளரே தொலைபேசியில் அழைத்துப் புதியவரின் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தட்டும். திறப்பு அதற்குப் பிறகு கைமாறலாம்.